உறையாத ஜுஜுப்ஸ்

மாம்பழத்தில் ஜுஜுப்ஸ் செய்கிறேன் பேர்வழி என்று ஒரு கோடை விடுமுறையில் நான் பாழாக்கிய அஸ்காவை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். எழுபதுகளின் நடுவில் அதை ரேஷன் கடையில் அளந்து அளந்து கொடுப்பார்கள். அந்தச் சர்க்கரையை மூன்று தடவை சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டினவள் நான். என்னைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் என் சமையல்கட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

கேரளத்து முதலமடைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கடலைக்காடும் இருபது மாமரங்களும் இருந்தன. அந்த வீட்டுக்கு நான் இரண்டாந்தாரமாக வந்தவள். முதல் தாரம் என் கூடப்பிறந்த அக்கா. மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் கழித்து, பிள்ளைகளை அயலாள் கையில் கொடுக்கக் கூடாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசி, என்னை மாமாவுக்கே கட்டிவைத்தார்கள். எங்களில் இது புதிதில்லை. என்னிடம் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். பதிலைக் கேட்கத்தான் யாரும் நிற்கவில்லை.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் பெண், சின்னவன் பையன், அவனுக்கு ஐந்து வயது. சின்னவன் எந்த மடி காலியாக இருந்தாலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ரகம். அவனால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. பெரியவள்தான் என்னைப் படுத்திவைத்தாள். இத்தனைக்கும் முன்பெல்லாம் அவள் என் செல்லம். நான் வெறும் சித்தியாக இருந்த நாட்களில், பொள்ளாச்சிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினால், வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்து என் பையைப் பிடுங்குவாள். "சித்தி, எனக்கு என்ன கொண்டாந்த?" என்பாள். ராத்திரி என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள்.

தாலி ஏறிய நாளிலிருந்து அவள் என்னை சித்தி என்று கூப்பிடவில்லை. அம்மா என்றும் கூப்பிடவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. "ஏனுங்க" என்றாள். வழி கேட்பவரும் மோர் கேட்டு வருபவரும் முகம் தெரியாதவரைக் கூப்பிடுவது அப்படித்தான். "ஏனுங்க, சோறு ஆயிருச்சுங்களா?" "ஏனுங்க, என்ற பாவாடை காஞ்சிருச்சுங்களா?" மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அவள் அப்பாவிடம் புகார் சொல்லலாம் என்றால், என்னவென்று சொல்வது? உங்கள் மகள் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள் என்றா? சோற்றைத் தட்டில் போட்டால் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். தலை பின்னிவிட வந்தால், நானே பின்னிக்கிறேனுங்க என்பாள். எனக்கு அப்போது இருபத்தோரு வயது. அக்காவைப் பறிகொடுத்தவள் நானும்தான். அந்த வீட்டில் அது யாருக்கும் நினைவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவள் பழையபடி என்னை சித்தி என்று கூப்பிட வேண்டும், நீ என்று பேச வேண்டும்.

பள்ளிக்கூடம் அடைத்து, மரத்தடியில் மாம்பழம் விழ ஆரம்பித்த சமயத்தில் சின்னவன்தான் பேச்சை எடுத்தான்.

"அம்மா மாம்பழத்துல ஜுஜுப்ஸ் பண்ணுமே, அது எனக்கு வேணும்" என்றான்.

அவன் அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயதுதான் நிறைந்திருந்தது. முகம் நினைவிருக்குமா என்பதே சந்தேகம். ஜுஜுப்ஸ் நினைவிருந்தது. பெரியவள் சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். இவளுக்கும் ஆசை இருக்கிறது, அதைச் செய்து கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா கல்யாணத்துக்கு முன் பொள்ளாச்சியில் தையல் பழகப் போனபோது, அங்கே கற்றுக்கொண்ட பலகாரம் அது. உறைவதற்குக் கடல்பாசி போட்டுச் செய்வாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. செய்து கொடுக்க அக்கா இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்?

கடல்பாசி வாங்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனேன். திரும்பும்போது எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறார்களா என்று பார்ப்பது அங்கே வழக்கம். சீருடைக்காரர் ஒருவர் என் பைக்குள் கைவிட்டுக் கடல்பாசிப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் உள்ளே காய்ந்த வைக்கோல் போல வெள்ளை வெள்ளையாக நீட்டுத் துண்டுகள்.

"இதெந்தா சாதனம்?" என்றார்.

"கடல்பாசிங்க."

அவருக்குப் புரியவில்லை. முகர்ந்து பார்த்தார். ஒரு துண்டை ஒடித்து வெளிச்சத்தில் பிடித்தார். பஸ் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்போது மலையாளம் வராது. பெரியவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் ஜன்னல் வழியாகப் புளியமரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் சின்னவன் என் மடியிலிருந்து எழுந்து, "மிட்டாயி உண்டாக்கானா ஸாரே" என்று கத்தினான், மிட்டாய் பண்ணத்தான் என்று. பஸ்ஸே சிரித்தது. பொட்டலம் திரும்பி வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது ஒரு நஷ்டமாகத் தெரிந்ததாகவும் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். எங்களுக்கு மாம்பழம் என்றால் ஒரே ஒரு வழிதான் தெரியும். சாற்றை உருளியில் ஊற்றி, வெல்லம் போட்டு, நெருப்புக் குறையாமல் நின்று கிண்ட வேண்டும். எவ்வளவு நேரம் கிண்டுகிறோமோ அவ்வளவு நாள் கெடாது. பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். அதனால் யோசிக்கவே இல்லை. எங்கள் மரத்துப் பழம் நல்ல புளிப்பு. பத்துப் பழத்தைப் பிழிந்தேன். சின்னவன் கொட்டையைச் சப்பிச் சப்பி முழங்கை வரை வழியவிட்டுக்கொண்டு, அதே கையால் சாற்றையும் கலக்கினான். எல்லாவற்றையும் ஒரே உருளியில் கொட்டி, கடல்பாசியை ஒடித்துப் போட்டு, அஸ்காவைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கிண்டினேன். மே மாத வெயில், விறகடுப்பு, மேலெல்லாம் வேர்வை. கிண்டுகிறேன் என்று கரண்டியை வாங்கிய சின்னவன் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஆச்சா?" என்றான். பிறகு நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பெரியவளையும் கூப்பிட்டேன். "வா அம்மிணி, பழம் பிழியலாம்."

"எனக்குப் பாடம் இருக்குதுங்க" என்றாள்.

லீவு விட்ட பிறகு என்ன பாடம்? வாசற்படியில் உட்கார்ந்து மலையாளப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். ஒரே பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள் என்பது மொழி தெரியாத எனக்கே தெரிந்தது.

தட்டுகளில் ஊற்றி, ஈர மணல்மேல் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தோம். மத்தியானம் போய்ப் பார்த்தால் அப்படியே குழம்பாக இருந்தது. சாயங்காலமும் அப்படியே. சின்னவன் டம்ளரில் மொண்டு குடித்துவிட்டு, "பாயசம் நல்லா இருக்குதுங்க சித்தி" என்றான்.

கடல்பாசி பத்தவில்லை என்று நினைத்து, இரண்டாம் தடவை இரண்டு மடங்கு போட்டேன். ஊறவைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாத அறிவாளி நான். கொதியோ கொதி என்று கொதித்தும் அது கரையாமல் நூல் நூலாக நின்றது. கரையட்டும் என்று இன்னும் கொதிக்கவிட்டேன். சர்க்கரை அடியில் பிடித்துத் தீய்ந்த வாடை வீடெல்லாம் அடித்தது. ஆறின பிறகு பார்த்தால், நூலும் குழம்புமாக ஒரு வஸ்து. சின்னவனே வாயில் வைத்துவிட்டுத் துப்பினான். எருமைத் தொட்டியில் ஊற்றினேன். எருமை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த வீட்டில் என்னை மதிக்காத கூட்டத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது.

பெரியவள் தம்பியிடம் மலையாளத்தில் ஏதோ வேகமாகச் சொன்னாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பாஷை தெரியும். என் எதிரில் அவர்கள் ரகசியம் பேச அது போதும்.

மூன்றாவது தடவைக்கு மாமா ஒரு யோசனை சொன்னார். "மைதா கொஞ்சம் கலக்கிப் பாரேன் புள்ள, எறுகிக்கும்." இறுகியது. நன்றாகவே இறுகியது, கரண்டியை எடுக்க முடியவில்லை. சின்னவன் அதை வைத்துப் பழைய காலண்டர் படத்தைச் சுவரில் ஒட்டினான். ரொம்ப வருஷம் அது அங்கேயே இருந்தது. நான் உருளியைத் தூக்கிக் கிணற்றடியில் வீசினேன். வீசிவிட்டு, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். அக்காவை நினைத்துத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். பிள்ளைகளையும் புருஷனையும் எருமையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, போகும்போது இந்த எழவு ஜுஜுப்ஸ் செய்வது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று.

சின்னவன் பக்கத்தில் வந்து நின்றான். அழுகிறவர்களைப் பார்த்தால் அவனுக்கு எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும்.

"அழாதீங்க சித்தி. எங்கக்கா முந்தியே சொல்லுச்சு, இது உறையாதுன்னு."

"எப்ப சொல்லுச்சு?"

"மொத நாளே. மூணு வாட்டியும் சொல்லுச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். உறையாது என்று தெரிந்தவளுக்கு, உறைவதற்கு என்ன வழி என்றும் தெரிந்திருக்கும். என் அக்கா செய்யும்போது பக்கத்தில் இருந்து பழம் பிழிந்தவள் பெரியவள்தானே? மூன்று நாளாக வாசற்படியில் உட்கார்ந்து நான் அவதிப்படுவதை வேடிக்கை பார்த்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கையில் கிடைத்தால் இரண்டு வைத்திருப்பேன். ஆனால் நான் ஒரு அடி அடித்தால் ஊர் முழுக்க என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். மூத்தாள் பிள்ளையை அடிக்கிறாள் என்பார்கள். என் கோபத்தைக் காட்டக்கூட எனக்கு அந்த வீட்டில் வழி இல்லை.

அதனால் வீசிய உருளியை எடுத்துத் தேய்த்துக் கொண்டுவந்து, அடுப்பையே மறுபடி மூட்டினேன். பானையில் மிச்சம் இருந்த அஸ்கா முழுவதையும் எடுத்தேன். மாதம் முடிய நாள் கிடந்தது. இனிக் காப்பிக்கு எல்லோரும் கருப்பட்டிதான், போகட்டும் என்று வீம்பு. சின்னவனைப் பழம் பிழியச் சொன்னேன். இந்தத் தடவை கடல்பாசியை மட்டும் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் இல்லாமல் கரையட்டும் என்று தனியாகக் கொதிக்கவைத்தேன். கரைந்தது. சர்க்கரையைக் கொட்டினேன். பெரியவள் படிப்பை நிறுத்தியிருந்தாள். புத்தகம் மடியில் கிடந்தது. நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கொதி தளதளவென்று ஏறும்போது மாம்பழச் சாற்றுக் குண்டானை இரண்டு கையாலும் தூக்கினேன்.

"அய்யோ, கொதிக்கையில ஊத்தாத சித்தி!"

குண்டான் கையிலேயே நின்றது. அவள் வாசற்படியிலிருந்து எழுந்து நின்றாள். என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போல, கையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் அந்த ஒரு வார்த்தைக்காக நாலு மாதம் காத்திருந்தவள். அது வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அடக்கிவைத்திருந்த கோபம் மொத்தமும் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தியா? மூணு நாளா? எத்தன அஸ்கா போச்சு தெரியுமா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஏன் சொல்லல?"

அவள் கீழே விழுந்த புத்தகத்தை எடுக்கக் குனிந்தாள்.

"சொல்லு! ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் பண்ணீருவல்ல" என்றாள். பிறகு அழுகையோடு, "அம்மா சீலையெல்லாம் நீதான் கட்டற. அம்மா பொட்டிய நீதான் வெச்சிருக்க. எல்லாம் நீதான் பண்ற. இதையும் நீ பண்ணீட்டா, அப்பறம் அம்மா பண்ணுனதுன்னு என்ன இருக்கும்?"

நான் கட்டியிருந்தது அக்காவின் பச்சைச் சுங்கடிச் சேலை. வீட்டில் இருக்கிற துணியை வீணாக்குவானேன் என்று எடுத்துக் கட்டியது. அதைக் கட்டிக்கொண்டு அவள் அம்மாவின் அடுப்புக்கு முன்னால் நின்று, அவள் அம்மாவின் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். நான் அந்தச் சேலையில் தினமும் அவள் முன்னால் வந்து நின்றபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மூன்று நாளாக நான் எதைச் செய்யப் பார்த்தேன் என்று அவளுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது. ஜுஜுப்ஸைக் கையில் கொடுத்து, உன் அம்மாவும் நானும் ஒன்றுதான் என்று அவளை ஒத்துக்கொள்ளவைக்கப் பார்த்தேன்.

குண்டானைக் கீழே வைத்தேன். உருளியை அடுப்பை விட்டு இறக்கினேன். கரண்டியை அவள் பக்கம் நீட்டினேன்.

"எனக்கு இது வராது அம்மிணி. நீ பண்ணு. நான் அடுப்பப் பாத்துக்கறேன்."

அவள் உடனே வாங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு, "அடுப்பு வேண்டாம், ஆறோணும்" என்று அதட்டினாள். "கொதி அடங்குனதுக்கப்பறந்தான் பழத்த ஊத்தோணும். புளிப்பக் கூடப் போட்டுக் காச்சுனா கெட்டியாகாது. வடிகட்டி எங்க? அம்மா வடிகட்டித்தான் ஊத்தும். தம்பி, கைய எடு!"

மூன்று நாள் பேசாததை எல்லாம் சேர்த்து வைத்து எங்கள் இருவரையும் விரட்டினாள். தட்டில் நெய் தடவியது போதாது என்றாள். மணல் நனைந்தது போதாது என்றாள். நான் வாயைத் திறக்காமல் சொன்னதைச் செய்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வசவு வாங்கிக்கொண்டு என் சமையல்கட்டிலேயே நான் எடுபிடி வேலை பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் உறைந்துவிட்டது. அவள் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள், அது விழவில்லை. வில்லை வில்லையாக வெட்டி, பானையைக் கவிழ்த்துத் தட்டியதில் விழுந்த ஒரு பிடி அஸ்காவில் புரட்டி, அவள் அப்பாவின் பழைய வேட்டியை மேலே மூடி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். எறும்புக்கும் சின்னவனுக்கும் காவல் இருந்ததுதான் பெரும் பாடு.

மூன்றாம் நாள் மாமா காட்டிலிருந்து வந்து உட்கார்ந்ததும் அவள் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். அவர் ஒன்றை வாயில் போட்டார். மென்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"உங்கக்கா பண்ணுன மாதிரியே இருக்குதே புள்ள. கத்துக்கிட்டியே!"

பெரியவள் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கீங்க கத்துக்கிட்டேன்? எனக்கு இதெல்லாம் வராது. உங்க பொண்ணு பண்ணுனது" என்றேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்து, கிளறி, ஓரத்து வில்லை ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள்.

"இந்தா சித்தி" என்று என் கையில் வைத்தாள்.

இப்போது அவளுக்கே பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாம்பழக் காலத்திலும் ஒரு டப்பா நிறைய ஜுஜுப்ஸோடு என்னைப் பார்க்க வருகிறாள். டப்பாவைத் திறந்து நீட்டிவிட்டு, "இத்தன வருசமாச்சு, இன்னுமா உனக்கு இது வரல?" என்று தவறாமல் கேட்கிறாள். அவள் செய்ததை ஒரு தடவை பார்த்த அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது. வரவில்லை என்றுதான் ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.